மழலையர் வகுப்பில் பூச்சிகள்: ஆசிரியர்களும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மூன்று வயது முதல் எட்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பூச்சிகளைப் பற்றிச் சொல்லிக்கொடுப்பவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகளை இங்கே திரட்டியிருக்கிறேன். பல ஆண்டுகள் மழலையர் வகுப்பில் இருந்து நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: குழந்தை முதலில் பார்க்க வேண்டும், பெயரும் பாடமும் பிறகு வரட்டும். கீழே உள்ள பதில்களில் அந்தப் பிடிவாதம் தெரியும்.

எந்தப் பூச்சியிலிருந்து தொடங்கலாம்?

எறும்பிலிருந்து. எல்லாரும் பட்டாம்பூச்சியிலிருந்துதான் தொடங்குகிறார்கள். ஆனால் பட்டாம்பூச்சி நில் என்றால் நிற்காது. எறும்பு எங்கும் இருக்கிறது, ஒரே வழியில் திரும்பத் திரும்ப வருகிறது, ஒரு குழந்தை தரையில் படுத்துக்கொண்டு கால் மணி நேரம் பார்க்கும்வரை பொறுத்துக்கொள்கிறது.

எதையும் சொல்லிக்கொடுப்பதற்கு முன்பு ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "எறும்பு வரையுங்கள்" என்று மட்டும் சொல்லுங்கள். திருத்த வேண்டாம், பாராட்டவும் வேண்டாம். தேதி எழுதி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தாள்கள் கடைசியில் தேவைப்படும்.

பூச்சி என்றால் சரியாக எது? எட்டுக்கால் பூச்சி பூச்சி இல்லையா?

இதில் நம் மொழியே குழந்தைக்கு ஒரு முடிச்சுப் போட்டுவைத்திருக்கிறது. சிலந்தியை எட்டுக்கால் பூச்சி என்கிறோம். வயிற்றில் இருக்கும் குடற்புழுவையும் பூச்சி என்கிறோம். தேளும் பூரானும் "பூச்சிபொட்டு"க்குள் அடக்கம். ஒரு முறை ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன், "எனக்கு வயிற்றில் பூச்சி இருந்ததே, அதற்கும் ஆறு கால் இருந்ததா?" என்று கேட்டான். அவன் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி.

அதனால் பேச்சில் உள்ள 'பூச்சி' வேறு, அறிவியலில் உள்ள 'பூச்சி' வேறு என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அறிவியல் பூச்சிக்கு மூன்று அடையாளங்கள் போதும்: தலை, மார்பு, வயிறு என்று உடல் மூன்று பகுதி; ஆறு கால்கள்; தலையில் ஓர் இணை உணர்கொம்புகள். இறக்கையை அடையாளமாகச் சொல்லாதீர்கள். வேலைக்கார எறும்புக்கு இறக்கை கிடையாது. பழைய புத்தகங்களுக்குள் ஓடும் ராமபாணப் பூச்சிக்கும் கிடையாது. இரண்டும் பூச்சிகள்தான்.

எட்டுக்கால் உள்ள சிலந்தியும் தேளும் ஒரு குடும்பம். பூரானும் மரவட்டையும் வேறு குடும்பம். மண்புழுவுக்குக் காலே இல்லை. ஏழு வயதுக்கு மேற்பட்டவர்கள் இந்தப் பிரிவுகளை ஆசையாக அடுக்குவார்கள். நான்கு வயதுக்கு "ஆறு கால் இருக்கிறதா, எண்ணிப் பார்" என்பதற்கு மேல் வேண்டாம்.

எண்ணச் சொன்னால் உடனே ஒரு குழந்தை கம்பளிப்புழுவைக் காட்டி, "இதற்கு நிறையக் கால் இருக்கிறதே?" என்று கேட்கும். கேட்காவிட்டால் நீங்களே கேளுங்கள். தலைக்குப் பின்னால் கூர்மையாக, கணு வைத்து மூன்று இணை இருக்கும். அவைதான் உண்மையான கால்கள். பின்னால் குட்டையாக, தடித்து இருப்பவை பொய்க்கால்கள். அவற்றின் அடியில் இருக்கும் நுண்ணிய கொக்கிகளால்தான் புழு இலைக்காம்பைப் பற்றிக்கொள்கிறது. முன்காலும் பொய்க்காலும் வேறு வேறு என்பதைப் பூதக்கண்ணாடியில் தானாகக் கண்டுபிடிக்கும் குழந்தைக்கு அதை மறுபடி சொல்லித்தர வேண்டியிருக்காது.

எனக்கே பூச்சி என்றால் அருவருப்பு. நான் எப்படிச் சொல்லித்தருவது?

வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். "எனக்குக் கொஞ்சம் பயம்தான், ஆனாலும் பார்க்க ஆசையாக இருக்கிறது" என்று சொல்லும் பெரியவரைக் குழந்தைகள் நம்புவார்கள். நாம் மறைக்கப் பார்க்கும் பயம் முகத்திலும் தோளிலும் தெரிந்துவிடும். அதை அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்வார்கள். "சீ" என்ற ஒரு சொல் போதும், ஒரு வாரத்து உழைப்பு வீணாகிவிடும்.

தொட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை, உங்களுக்கும் இல்லை. மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் இருப்பதைப் பாருங்கள். பயந்த குழந்தை எவ்வளவு தூரத்தில் நிற்பது என்பதை அதுவே முடிவு செய்யட்டும். கதவோரம் நின்று பார்த்த குழந்தை நான்காம் நாள் மேசைக்கு வந்துவிடும். யாரும் கையைப் பிடித்து இழுத்திருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

பூதக்கண்ணாடியைக் கொடுத்தால் விளையாட்டுப் பொருளாகிவிடுகிறதே?

பயன்படுத்தும் முறையை யாரும் காட்டித்தருவதில்லை என்பதே காரணம். பெரும்பாலான குழந்தைகள் கண்ணாடியைக் கை நீட்டிப் பிடித்துக்கொண்டு மங்கலாகப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறார்கள். கண்ணாடியைக் கண்ணுக்கு அருகில் கொண்டுவந்து அசைக்காமல் பிடித்துக்கொள்ள வேண்டும். பிறகு பார்க்க வேண்டிய பொருளை மெல்ல அருகே கொண்டுவர வேண்டும், அல்லது நாமே குனிய வேண்டும். முதல் நாள் பூச்சி வேண்டாம். தன் விரல் ரேகை, சட்டைத் துணியின் இழை, இலை நரம்பு ஆகியவற்றைப் பார்த்துப் பழகட்டும். ஐந்து வயதுக்குக் கீழே என்றால் மூடியிலேயே கண்ணாடி பதித்த சிறு டப்பா நல்லது. வெயிலில் கண்ணாடியைத் தனியாக விட்டுவைக்கக் கூடாது. அதன் வழியாகச் சூரியனைப் பார்க்கவே கூடாது.

வகுப்பறையில் எந்தப் பூச்சியை வளர்க்கலாம்?

மூன்றைச் சொல்வேன்.

மாவுப்புழு மிக எளிது. ஓர் அகலமான டப்பாவில் தவிடு அல்லது ஓட்ஸைப் பரப்பி, ஈரத்துக்கு ஒரு கேரட் துண்டு வைத்தால் போதும். துண்டு பூசணம் பிடிப்பதற்குள் மாற்றிவிட வேண்டும். புழு, வெளிறிய கூட்டுப்புழு, வண்டு என்று எல்லா நிலைகளையும் ஒரே டப்பாவில் பார்க்கலாம். கூட்டுப்புழுவை மெல்லத் தொட்டால் அது நெளியும். தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டிருந்த குழந்தைகள் அப்போது போடும் கூச்சலைக் கேட்க வேண்டும்! புதிதாக வெளிவரும் வண்டு வெளிறி இருக்கும். பிறகு பழுப்பாகி, சில நாள்களில் கருத்துவிடும்.

பட்டுப்புழுவுக்கு மல்பெரி இலை தடையில்லாமல் கிடைக்க வேண்டும். கிடைக்காது என்றால் தொடங்காதீர்கள். நான்கு முறை தோலுரித்து, ஏறத்தாழ ஒரு மாதத்தில் கூடு கட்டும். ஒரே கூட்டில் அறுபடாத ஒற்றை இழை பல நூறு மீட்டர் நீளம் இருக்கும்.

மூன்றாவது, செடியில் நாமே கண்டெடுக்கும் வண்ணத்துப்பூச்சிப் புழு. இங்கேதான் அதிகத் தவறுகள் நடக்கின்றன. புழு எந்தச் செடியில் இருந்ததோ அந்தச் செடியின் இலையைத்தான் கொடுக்க வேண்டும். எருக்கில் வளரும் புழு எலுமிச்சை இலையைத் தின்னாது. பட்டினி கிடந்து சாகும். தினமும் புது இலை, தினமும் எச்சம் அகற்றுதல். காம்பைத் தண்ணீரில் வைப்பதானால் பாத்திரத்தின் வாயைப் பஞ்சால் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் புழு உள்ளே இறங்கி மூழ்கிவிடும். மேலே மூடி வேண்டாம், வலைத்துணி கட்டுங்கள். கூட்டுப்புழுவாகத் தொங்குவதற்கு ஒரு குச்சியைச் சாய்த்து வையுங்கள்.

கூட்டுப்புழுப் பருவம் பல இனங்களில் ஒன்றிரண்டு வாரம். சில இனங்கள் மாதக்கணக்கில் காத்திருக்கும். வெளிவருவதற்கு முந்தைய நாள் தோல் கண்ணாடிபோல் ஆகி, உள்ளே மடிந்திருக்கும் இறக்கையின் நிறம் தெரியும். அன்று குழந்தைகளிடம் சொல்லிவையுங்கள். பெரும்பாலும் காலையில்தான் வரும்.

வரும்போது நடப்பதை நான் எத்தனை முறை பார்த்திருந்தாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் பார்க்கிறேன். தோல் பிளக்கிறது. கசங்கிய ஈரத்துணி போன்ற ஒன்று வெளியே வந்து தலைகீழாகத் தொங்குகிறது. வயிறு பெருத்திருக்கிறது, இறக்கை நகத்தளவுதான் இருக்கிறது. வயிற்றிலிருந்து நீர் இறக்கை நரம்புகளுக்குள் ஏற ஏற, இறக்கை கண்ணெதிரே விரிகிறது. நாக்கு இரண்டு பாதியாக இருக்கும். அதைச் சுருட்டிச் சுருட்டி விரித்து ஒரே குழலாக இணைத்துக்கொள்கிறது. பிறகு சிவப்பாகச் சில சொட்டுகள் கீழே விழும். உடனே யாராவது "ரத்தம்!" என்று அலறுவார்கள். அது ரத்தம் இல்லை, கூட்டுக்குள் இருந்தபோது சேர்ந்த கழிவு. இதை முன்கூட்டியே சொல்லிவைத்தால் அழுகை மிச்சம்.

யாரும் உதவிக்குப் போகக் கூடாது. விரிந்த இறக்கை உலர்வதற்கு ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகும். அதற்குள் தொட்டால் இறக்கை கோணலாகவே காய்ந்துவிடும். அந்தப் பூச்சி பறக்கவே பறக்காது.

கூட்டிலிருந்து பட்டாம்பூச்சிக்குப் பதிலாகச் சின்னச் சின்னக் குளவிகள் வந்துவிட்டன. குழந்தைகளிடம் என்ன சொல்ல?

நடந்ததைச் சொல்லுங்கள். வெளியே இருந்தபோதே ஓர் ஒட்டுண்ணிக் குளவி அந்தப் புழுவுக்குள் முட்டையிட்டுவிட்டது. குளவியின் குஞ்சுகள் அதைத் தின்று வளர்ந்தன. செடியிலிருந்து எடுத்த புழுக்களில் இது அடிக்கடி நடப்பதுதான்; உங்கள் வளர்ப்பில் பிழை இல்லை. குழந்தைகள் முதலில் வருந்துவார்கள், பிறகு குளவிகளை எண்ணத் தொடங்குவார்கள். இலைகளை எல்லாம் புழுக்களே தின்று தீர்க்காமல் இருப்பதற்கு இந்தக் குளவிகளும் ஒரு காரணம் என்பது பெரிய குழந்தைகளுக்குப் புரியும். டப்பாவை மறைத்துவிட்டு வேறொரு புழுவை வைத்து ஏமாற்றுவதை மட்டும் நான் ஏற்கமாட்டேன்.

பள்ளியில் தோட்டமே இல்லை. என்ன செய்வது?

ஒரு சுவர் விரிசல் போதும். ஒரு பூந்தொட்டி போதும். எறும்பு வரிசையின் குறுக்கே ஒரு தாளை வையுங்கள். சிறிது நேரம் தயங்கிவிட்டு எறும்புகள் தாளின் மேலேயே நடக்கத் தொடங்கும். போக்குவரத்து நன்றாக நடக்கும்போது தாளைக் கால் வட்டம் திருப்புங்கள். எறும்புகள் தாளில் இருக்கும் பழைய வழியிலேயே போய், அதன் ஓரத்தில் வழி தவறித் தடுமாறும். அவை கண்ணை நம்பி நடக்கவில்லை, முன்னே போன எறும்புகள் தரையில் விட்டுச்சென்ற வாசனையை நம்பி நடந்தன என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

அருகில் ஒரு புதர் இருந்தால் அடியில் வெள்ளைத் துணியை விரித்துக் கிளையை இரண்டு முறை உலுக்குங்கள். விழுந்தவற்றைப் பார்த்துவிட்டு அங்கேயே விட்டுவிடுங்கள். கல்லைப் புரட்டினால் பெரியவர்தான் புரட்ட வேண்டும். கல்லின் எதிர்ப்பக்க விளிம்பைத் தூக்க வேண்டும், அப்போது திறப்பு எதிர்ப்பக்கம் இருக்கும்; அதனால் குழந்தைகளைக் கல்லுக்கு எதிரே நிற்கவைத்துவிடாதீர்கள். எல்லாரும் உங்களுக்குப் பின்னால் நிற்கட்டும். பார்த்ததும் கல்லை இருந்தபடியே வைத்துவிட வேண்டும், அது ஓர் உயிரின் கூரை.

உட்கார்ந்து பார்க்கச் சொன்னால் நெளிகிறார்கள். ஓடியாடும் விளையாட்டு ஏதாவது?

எனக்குப் பிடித்தது ஆறுகால் நடை. மூன்று குழந்தைகள் ஒருவர் பின் ஒருவராக நின்று, முன்னால் நிற்பவரின் தோளைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஆறு கால் ஆயிற்று. இப்போது முதல் குழந்தை இடக்கால், நடுக்குழந்தை வலக்கால், கடைசிக் குழந்தை இடக்கால். மூன்றும் ஒரே நேரத்தில் முன்னே. அடுத்த அடிக்கு மற்ற மூன்று கால்கள். முதலில் விழுந்து புரள்வார்கள். பழகிய பிறகு, எறும்பும் கரப்பானும் இப்படித்தான் நடக்கின்றன, எப்போதும் மூன்று கால்கள் முக்காலிபோல் தரையில் ஊன்றியிருக்கும் என்று சொல்லுங்கள். உடம்பால் தெரிந்துகொண்டது மறக்காது.

தேனீ நடனத்தையும் விளையாடலாம். பூ இருக்கும் இடத்தைத் தேனீக்கள் கூட்டுக்குள் ஆடிக் காட்டுகின்றன என்பதை விளக்கியவர் கார்ல் வான் ஃபிரிஷ். 1973இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். ஒரு குழந்தை பூப்படத்தை ஒளித்துவைத்துவிட்டு, பேசாமல், அந்தத் திசையில் நேராக இடுப்பை ஆட்டியபடி நடந்து காட்ட வேண்டும். எத்தனை ஆட்டமோ அத்தனை அடி தூரம். உண்மையான தேனீ இருட்டில், செங்குத்தான அடையின் மேல், சூரியன் இருக்கும் திசையையும் கணக்கில் வைத்து ஆடுகிறது. அதை எட்டு வயதுக்குச் சொல்லிப் பாருங்கள், நான்கு வயதுக்குத் திசை மட்டும் போதும்.

காகிதம், களிமண்ணால் பூச்சி செய்வது பயனுள்ளதா?

பார்த்த பிறகு செய்தால் பயன் உண்டு. பார்க்காமல் வெட்டி ஒட்டினால் தவறுதான் மனத்தில் பதியும். வயிற்றில் கால் முளைத்த எறும்புகளும் இரண்டே உருண்டையில் முடிந்த வண்டுகளும் எத்தனையோ வகுப்புச் சுவர்களில் தொங்குகின்றன. களிமண்ணில் மூன்று உருண்டை. கால்களும் இறக்கைகளும் நடு உருண்டையில் மட்டும். இந்த ஒரு விதியைக் காத்தால் நிறமும் அழகும் குழந்தையின் விருப்பம். வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழுவுக்குப் பஞ்சு சுற்றாதீர்கள். இழையால் உறை கட்டிக்கொள்வது பட்டுப்பூச்சி போன்ற அந்துப்பூச்சிகள். வண்ணத்துப்பூச்சியின் கூட்டுப்புழு பொதுவாக உறையில்லாமல் தொங்கும்.

கொசுவும் கரப்பானும் கெட்ட பூச்சிகள்தானே? அவற்றைப் பற்றியும் சொல்ல வேண்டுமா?

சொல்ல வேண்டும். கொசு நோய் பரப்புகிறது என்பதை மழுப்பத் தேவையில்லை. ஆனால் கடிப்பது பெண் கொசு மட்டும்தான், முட்டை உருவாக ரத்தத்தின் சத்து வேண்டியிருக்கிறது என்பதைச் சொன்னால் வெறுப்பு அப்படியே வியப்பாக மாறுவதைப் பார்க்கலாம். ஆண் கொசு பூந்தேன் போன்ற இனிப்பு நீரைக் குடித்தே வாழ்கிறது. கரப்பானில் 4,000க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. மனித வீடுகளுக்குள் வருபவை அவற்றில் மிகச் சில. "கெட்ட பூச்சி" என்பதற்குப் பதில் "நமக்குத் தொல்லை தரும் பூச்சி" என்று சொல்லிப் பழகுங்கள். வகுப்புக்கு வெளியே தேங்கிய தண்ணீரைக் கொட்டுவதும் பூச்சிப் பாடத்தில் சேர்ந்ததுதான்.

பாதுகாப்புக்கு என்ன செய்ய வேண்டும்?

குளவி, தேனீ கொட்டினால் யாருக்கு ஒவ்வாமை உண்டு என்று பெற்றோரிடம் முன்பே எழுதி வாங்குங்கள். மயிர் அடர்ந்த கம்பளிப்பூச்சியை யாரும் தொடக் கூடாது. பட்டுவிட்டால் தேய்க்காமல், ஒட்டுநாடாவை ஒட்டி எடுத்து மயிர்களை நீக்கிவிட்டுக் கழுவ வேண்டும். தேனீ கொட்டினால் கொடுக்கை உடனே நகத்தால் சுரண்டி எடுத்து, கழுவி, குளிர்ந்த துணியை வையுங்கள். முகமோ உதடோ வீங்கினாலும் மூச்சுத் திணறினாலும் தாமதிக்காமல் மருத்துவ அவசர உதவியை அழையுங்கள். பார்த்து முடித்ததும் எல்லாரும் கை கழுவ வேண்டும்.

வளர்த்த பூச்சி செத்துவிட்டால்?

ஓர் ஆண்டு கண்ணாடிக் குடுவையை ஜன்னலோரம் வைத்துவிட்டேன். பிற்பகலில் பார்த்தபோது கண்ணாடி முழுக்க நீர்த்துளி. ஐந்து புழுக்களில் மூன்று அசையவில்லை. வெயில் படும் இடத்தில் நான் வைத்ததால்தான் செத்தன என்று வகுப்பில் சொன்னேன். நீண்ட அமைதி. பிறகு ஒரு சிறுமி எழுந்துபோய் மீதி இரண்டு இருந்த குடுவையை இரு கைகளாலும் பிடித்து நிழலுக்கு நகர்த்தி வைத்தாள். அதன் பிறகு ஒவ்வொரு நாளும் காலையில் முதல் வேலையாக வெயில் எங்கே விழுகிறது என்று பார்த்தார்கள்.

"தூங்குகிறது" என்று சொல்லாதீர்கள். "செத்துவிட்டது, இனி அசையாது" என்று சொல்லுங்கள். தானாகச் செத்துக் கிடந்த வண்டை மூடிய டப்பாவில் வைத்துப் பார்க்கலாம். பாடத்துக்காகக் கொல்வது இந்த வயதுக்கு வேண்டாம்.

குழந்தை கேட்கும் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியவில்லை என்றால்?

"நாளைக்கும் பார்ப்போம்" என்று சொல்லுங்கள். இதுவரை பெயரிடப்பட்ட பூச்சி இனங்களே ஏறத்தாழ 10 லட்சம். எல்லாம் தெரிந்தவர் யாரும் இல்லை. மரியா சிபில்லா மெரியன் (1647–1717) என்பவரின் கதையை நான் சொல்வது வழக்கம். பூச்சிகள் சேற்றிலும் அழுகலிலும் தாமாகப் பிறக்கின்றன என்று பலரும் நம்பிய காலத்தில், 13 வயதில் அவர் பட்டுப்புழுக்களை வளர்த்து, நாள்தோறும் பார்த்து வரையத் தொடங்கினார். 1699இல் தம் மகளுடன் கப்பலேறித் தென் அமெரிக்காவின் சுரிநாமுக்குப் போனார். 1705இல் வெளிவந்த அவருடைய படங்களில் செடியும் புழுவும் கூடும் பட்டாம்பூச்சியும் ஒரே பக்கத்தில் சேர்ந்து இருக்கும். "அவருக்கு யார் டீச்சர்?" என்று ஒரு சிறுவன் கேட்டான். புழுதான் என்று இன்னொருவன் பதில் சொன்னான்.

கடைசியில் எல்லாவற்றையும் வெளியே விட்டுவிடலாமா?

எங்கே எடுத்தீர்களோ அங்கேயே விடுங்கள், காற்றும் மழையும் இல்லாத நேரமாக. விலைக்கு வாங்கிய மாவுப்புழுவையும் வண்டையும் வெளியே விடக் கூடாது. அந்த இடத்துக்கு உரியவையாக இல்லாமல் போகலாம்.

குழந்தைகள் கற்றுக்கொண்டார்களா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

தேர்வு வேண்டாம். மறுபடி ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "எறும்பு வரையுங்கள்" என்று சொல்லுங்கள். பிறகு முதல் நாள் வாங்கிவைத்த தாளை அதன் அருகில் வையுங்கள்.

முதல் தாளில் பெரும்பாலும் ஒரு நீளமான உருளை, சுற்றிலும் கோடுகளாகக் கால்கள், சிரிக்கும் முகம். என் வகுப்பில் ஒரு பெண் குழந்தை முதல் நாள் பதினோரு கால் போட்டிருந்தாள். நான்கு வாரம் கழித்து மூன்று உருண்டைகள் வரைந்தாள். நடு உருண்டையில் இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று கால்கள். உணர்கொம்பை நேராகப் போடவில்லை, நடுவில் முழங்கைபோல் மடித்திருந்தாள். எறும்பின் உணர்கொம்பு அப்படித்தான் மடிந்திருக்கும். அதை நான் வகுப்பில் ஒரு நாளும் சொன்னதில்லை.